லோனோடு சேர்த்துத் தலையில் கட்டிய இன்சூரன்ஸ்: இப்போது புகார் கொடுக்கலாமா?

கேள்வி:
வீட்டுக் கடன் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. கொஞ்சம் அசலை முன்கூட்டியே கட்டலாம் என்று போன வாரம் கணக்கை எடுத்துப் பார்த்தால், நான் கேட்ட தொகையைவிடக் கடன் அதிகமாக இருக்கிறது. ஆயுள் காப்பீடு ஒன்று, தீவிர நோய் காப்பீடு ஒன்று, இரண்டின் மொத்த பிரீமியத்தையும் ஒரே தவணையாகக் கடனிலேயே சேர்த்திருக்கிறார்கள். அதாவது, அந்தப் பிரீமியத்துக்கும் 20 வருடம் நான் வட்டி கட்ட வேண்டும்!

கையெழுத்துப் போட்ட நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு கட்டுக் காகிதம், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி. ஒரு இடத்தில் "இது எதுக்கு சார்?" என்று கேட்டேன். "இன்சூரன்ஸ், இது இல்லாம லோன் சாங்ஷன் ஆகாது" என்றார் அதிகாரி. நம்பிவிட்டேன். எனக்குத் திருமணம் ஆகவில்லை, என் சம்பளத்தை நம்பி யாரும் இல்லை, ஆபீஸில் ஏற்கெனவே ஆயுள் காப்பீடு இருக்கிறது. இதையெல்லாம் ஒருவரும் கேட்கவில்லை. கையெழுத்து என்னுடையது, அதனால் ஒன்றும் செய்ய முடியாதா? இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை.

பதில் 1:
இந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். "எனக்கு இது தேவையில்லை" என்று புகாரை ஆரம்பிக்காதீர்கள். "தேவை என்றுதானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். விற்ற அன்று என்ன பொய் சொன்னார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள், அதுதான் புகார். கட்டாயம் என்றது, உங்களை நம்பி யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்காதது, பிரீமியம் கடனில் ஏறுகிறது என்று சொல்லாதது.

முதலில் நீங்கள் கையெழுத்திட்ட ப்ரொபோசல் படிவத்தின், அதாவது காப்பீட்டு விண்ணப்பத்தின், நகலை எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள். உடல்நிலைக் கேள்விகளுக்கு யார் டிக் அடித்தது என்று பாருங்கள். உங்களைக் கேட்காமலேயே எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று அடித்திருந்தால், நாளைக்கு நோய் வந்து க்ளெய்ம் போடும்போது உண்மையை மறைத்ததாகச் சொல்லி அதே படிவத்தைக் காட்டி மறுக்க முடியும். பணமும் போய், பாதுகாப்பும் இல்லாமல் நிற்பீர்கள்.

பதில் 2:
எனக்கும் இதே கதைதான். நாலு மாதம் போனில் கத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் தேதி வாரியாக ஒரு பக்கத்தில் எழுதி, "இன்சூரன்ஸ் கட்டாயம்" என்று எனக்கு விற்ற ஆள் அனுப்பியிருந்த மெசேஜின் படத்தையும் சேர்த்து, கடன் கொடுத்தவர்களுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரே நாளில் அனுப்பினேன். நிறுவனம் மறுத்தது. காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போனேன், பிரீமியம் வட்டியோடு திரும்பி வந்தது. ஃப்ரீ லுக் காலம் முடிந்துவிட்டது என்று பயமுறுத்துவார்கள், அது காரணமே சொல்லாமல் பாலிசியைத் திருப்பிக் கொடுப்பதற்கான அவகாசம். ஏமாற்றி விற்றார்கள் என்ற புகார் வேறு. ஆனால் அதற்கும் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

பதில் 3:
ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். உங்களை நம்பி யாரும் இல்லாதபோது ஆயுள் காப்பீடு வேண்டாம், சரி. தீவிர நோய் காப்பீடு அப்படியில்லை, அது உயிரோடு இருக்கும் உங்களுக்கே வரும் பணம். 1983ல் தென்னாப்பிரிக்காவில் இதைத் தொடங்கக் காரணமாக இருந்தவர் மாரியஸ் பர்னார்ட் என்ற இதய அறுவை மருத்துவர். சிகிச்சையில் பிழைத்த நோயாளிகள் பணமில்லாமல் நொடிந்துபோவதைப் பார்த்துத்தான் இந்த யோசனையே அவருக்கு வந்தது. ஆரம்பத்தில் மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், பைபாஸ் என்று நாலே நாலுதான். ஆகவே எதெல்லாம் பட்டியலில் இருக்கிறது, நோய் உறுதியான பிறகு எத்தனை நாள் உயிரோடு இருந்தால் பணம் தருவார்கள், தொகை உங்கள் கைக்கு வருமா கடனுக்கே போகுமா, மூன்றையும் பார்த்துவிட்டு ரத்து செய்வதா என்று முடிவு செய்யுங்கள். எனக்கென்னவோ, தனியாக இருப்பவருக்குத்தான் நோய்க் காலத்தில் பணம் அதிகம் தேவைப்படும் என்று தோன்றுகிறது.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. படிவத்தின் நகல் இன்று வந்தது. என் கையெழுத்து கறுப்பு மை, டிக் எல்லாம் நீல மை. "ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறீர்களா" என்ற இடத்தில் "இல்லை" என்று இருக்கிறது. ஆறு வருடமாகத் தினமும் காலையில் மாத்திரை போடுகிறேன். மருந்துச் சீட்டுகளைத் தேடி எடுத்துவிட்டேன், இரண்டு இடத்துக்கும் கடிதம் நாளைக்கே போகிறது.