உயரம் வேறான இரண்டு பேஸ்போர்டுகள் மூலையில் சேரவில்லை: உதவி தேவை

மரத்தூள்: வணக்கம். வரவேற்பறைக்குப் புதிய பேஸ்போர்ட் (சுவரடியில் ஓடும் பலகை) வாங்கி 45 பாகையில் வெட்டி வைத்துப் பார்த்தேன். நடைகூடத்துப் பழையதோடு மூலையில் சேரவே இல்லை. கதவருகிலும் துருத்திக்கொண்டு நிற்கிறது. சனிக்கிழமை வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். விரைவாக வழி சொல்லவும்.

ஸ்காபரோவாசி: உள்மூலையா, வெளிமூலையா? இரண்டின் உயரமும் தடிப்பும் எவ்வளவு? மரமா, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையா?

கோணமானி: குறை பலகையில் இல்லை, சுவரில் இருக்கிறது. ஜிப்சம் பலகைகளின் இணைப்பில் பூசும் கலவை மூலையில் திரண்டுவிடுவதால் 90 பாகை 91, 92 ஆகிவிடும். அளந்து, பாதியாக்கி வெட்டுங்கள்.

மூத்த தச்சன்: இந்தக் கேள்விக்கு நான் எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று தேடிப் பார்க்கவாவது தம்பிக்கு நேரம் இருந்திருக்கலாம். மைட்டர் வெட்டு, அதாவது இரு நுனிகளையும் சாய்வாக வெட்டிச் சேர்ப்பது, ஒரே வடிவமுள்ள இரண்டு துண்டுகளுக்கு மட்டுமே உரியது; உயரம் வேறான இரண்டை எந்தப் பாகையில் வெட்டினாலும் சேராது. கோணமானி அவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மரத்தூள்: மன்னிக்கவும். உள்மூலைதான். புதியது 5¼ அங்குல உயரம், 5/8 அங்குலத் தடிப்பு. பழையது 3¼ உயரம். இரண்டும் எம்.டி.எஃப். கதவைச் சுற்றியுள்ள சட்டப்பலகையான கேசிங் அரை அங்குலத் தடிப்புதான்.

இழைப்புளி: உயரமான பலகையில் அலங்கார வளைவு பெரும்பாலும் மேல் ஓரத்தில்தான் இருக்கும்; கீழ்ப்பகுதி வெறும் தட்டை. உங்களுடையதில் தரையிலிருந்து 3¼ அங்குலம் வரை தட்டையாக இருந்தால் வேலை மிக எளிது. உயரமானதை நேராக வெட்டிச் சுவர்வரை ஓட்டுங்கள். குட்டையானது அதன் தட்டை முகத்தில் வந்து நேராக முட்டட்டும். பழையது ஏற்கெனவே மூலைவரை ஆணியடித்து நிற்பதால், அதன் நுனியில் 5/8 அங்குலத்தை மல்டி டூலால் (அலகு அதிர்ந்து அறுக்கும் கைக்கருவி) அறுத்தெடுக்க வேண்டும். சுவரின் அடியில் பள்ளம் இருந்தால் பலகை உள்ளே சாய்ந்துவிடும்; அங்கே ஒரு திருகாணியைச் செலுத்தி, அதன் தலையைச் சற்று வெளியே விட்டால் பலகை செங்குத்தாக நிற்கும்.

ஸ்காபரோவாசி: பழையதை ஏன் தொட வேண்டும்? புதியதன் கீழ்ப்பகுதியைப் பழையதன் வடிவத்துக்குக் மெல்லிய அலகுள்ள கோப்பிங் வாளால் செதுக்கி, மேலே மிஞ்சும் இரண்டு அங்குலத்தைச் சுவர்வரை விட்டால் போதுமே.

மூத்த தச்சன்: பைன் மரத்தில் செய்யலாம். எம்.டி.எஃப். பலகையின் மெல்லிய விளிம்பு வாள் பட்டதும் பஞ்சாகப் பிய்ந்துவிடும்.

ஸ்காபரோவாசி: வாளை முன்முகத்திலிருந்து செலுத்தி, விளிம்பை அரத்தால் தேய்த்து, இடுக்கை அடைக்கும் கோக் பசையைப் பூசினால் ஒன்றும் பிய்யாது ஐயா. என் வீட்டில் ஆறு மூலைகள் அப்படித்தான் நிற்கின்றன.

மூத்த தச்சன்: கோக் பூசி மறைப்பதற்குப் பெயர் தச்சுவேலை அன்று.

இழைப்புளி: கதவை மறந்துவிட்டோம். பேஸ்போர்ட் கேசிங்கைவிட 1/8 அங்குலம் தடித்திருப்பதால்தான் துருத்துகிறது. கேசிங்கின் அடியை அறுத்துவிட்டு, முக்கால் அங்குலத் தடிப்பும் பேஸ்போர்டைவிடச் சற்றே அதிக உயரமும் உள்ள ஓர் அடிக்கட்டையை வைத்தால், இரண்டும் அதில் வந்து முடியும். நேரமில்லையென்றால் பேஸ்போர்டின் நுனியைச் சரிவாகச் சீவிவிடுங்கள்.

மரத்தூள்: பழையதை அறுத்தேன், மூலை சேர்ந்துவிட்டது. கதவருகே இப்போதைக்குச் செருப்புத் தட்டை நகர்த்தி வைத்திருக்கிறேன். நன்றி.