செப்ஸ்டோ கோட்டைக் கதவு: 800 வருட மரத்தின் வயதை எப்படிக் கணித்தார்கள்?

தச்சன்மகன்:
போன மாதம் மகள் வேல்ஸ் எல்லையில் இருக்கும் செப்ஸ்டோ கோட்டைக்குக் கூட்டிப்போனாள். வை என்ற ஆற்றின் கரைப் பாறை மேல் நிற்கிறது. உள்ளே பழைய வாசல் கதவு இரண்டையும் வைத்திருக்கிறார்கள். ஓக் மரம். முன்பக்கம் இரும்புத் தகடு, பின்பக்கம் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம், துளையில் கழுந்து இறக்கிய இணைப்பு. நானும் தச்சு வேலை பார்த்தவன், அரை மணி நேரம் நகரவே இல்லை. 1190களுக்குப் பிந்தியதல்ல என்கிறார்கள். எப்படித் தெரியும்? யார் செய்வித்தது?

ஆற்றங்கரையான்:
மரத்துக்குள் வருடத்துக்கு ஒன்றாக விழும் ஆண்டு வளையங்களை வைத்துத்தான் ஐயா. மழை, வெயிலுக்கு ஏற்ப வளையத்தின் அகலம் மாறும். வயது தெரிந்த மரங்களோடு அந்த வரிசையைப் பொருத்திப் பார்ப்பார்கள். 1189இல் கோட்டையின் வாரிசான இசபெல் டி கிளேரை மணந்த வில்லியம் மார்ஷலுக்குக் கோட்டை வந்தது. வாசல் கோபுரம் அவர் வேலை என்கிறார்கள். 1962 வரை இதே கதவுகள் வாசலில்தான் தொங்கின!

மலர்விழி:
கோட்டை அதைவிடப் பழையது. நார்மன் பிரபு வில்லியம் ஃபிட்ஸ்ஆஸ்பெர்ன் 1067இல் தொடங்கினார். பெரிய கோபுரச் சுவரில் சிவப்புப் பட்டை பார்த்தீர்களா? ரோமானியர் செங்கல், எடுத்து வந்து பதித்தது. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் மரண ஆணையில் கையெழுத்திட்ட ஹென்றி மார்ட்டன் இங்கேதான் சிறையிருந்து 1680இல் இறந்தார்.

தச்சன்மகன்:
பட்டையைப் பார்த்தேன் அம்மா, செங்கல் என்று தெரியாமல் போச்சு. ரொம்ப நன்றி. அடுத்த தடவை முதலில் அந்தச் சுவர், அப்புறம்தான் கதவு.