மறுமொழி: சவ்வு பாய்கிறதா, இளகுகிறதா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நம் உயிரியல் கலைச்சொல் பட்டியலில் கொழுமியம் (லிப்பிட்), சவ்வு (செல்லைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய உறை), ஈரடுக்கு (சவ்வில் கொழுமியங்கள் இரண்டு அடுக்காக நிற்பது) மூன்றிலும் நமக்குள் பெரிய வேறுபாடு இல்லை. செல்லா கலமா என்பதை இந்த இழையில் இழுக்க வேண்டாம்; நான் செல் என்றே எழுதுகிறேன், கலம் என்பவர்கள் அப்படியே வாசித்துக்கொள்ளுங்கள். எனக்கு உறுத்துவது, சவ்வுக்குள் மூலக்கூறுகள் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்பதைச் சொல்லும் ஃப்ளூயிடிட்டிக்கு (fluidity) நாம் பட்டியலில் போட்டிருக்கும் "பாய்மத்தன்மை". அதை எடுத்துவிட்டு "இளக்கம்" என்று வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பாய்தல் என்றதும் ஒரு திசை வந்துவிடுகிறது. ஆறு பாய்கிறது, மின்சாரம் பாய்கிறது. சவ்வில் நடப்பது வேறு. சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள அந்த ஏட்டுக்குள் ஒவ்வொரு கொழுமிய மூலக்கூறும் பக்கத்தில் இருப்பதோடு ஓயாமல் இடம் மாற்றிக்கொள்கிறது. ஓரிரு நொடியில் ஒரு பாக்டீரியத்தின் முழு நீளத்தையும் அது கடந்துவிடும். ஆனால் சவ்வு எங்கேயும் போவதில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது.

1970-இல் ஃப்ரை, எடிடின் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனையைப் பாருங்கள். மனித செல்லையும் எலி செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் மேற்பரப்புப் புரதங்களுக்கும் வெவ்வேறு ஒளிர்நிறம் ஏற்றினார்கள். முதலில் பாதி ஒரு நிறம், பாதி இன்னொரு நிறம். 37 டிகிரியில் 40 நிமிடம் வைத்ததும் இரண்டும் பெரும்பாலும் கலந்துவிட்டன. நன்றாகக் குளிர வைத்தால் கலக்கவே இல்லை. இதைப் படிக்கும்போது, உங்கள் வாயில் "பாய்ந்தது" என்று வருகிறதா, "இளகியிருந்தது" என்று வருகிறதா? எனக்கு மெழுகுதான் கண்முன் வருகிறது.

வேதியியலும் இந்தச் சொல்லோடுதான் ஒத்துப்போகிறது. நீரை நாடும் ஒரு தலையும் 18 கார்பன் நீளமுள்ள இரண்டு கொழுப்பமில வால்களும் கொண்ட ஒரு பாஸ்போகொழுமியத்தை (பாஸ்பேட் சேர்ந்த கொழுமியம்) எடுத்துக்கொள்வோம். வால்கள் நிறைவுற்றவையாக (இரட்டைப் பிணைப்பு இல்லாமல்), நேராக இருந்தால் நெருக்கி அடுக்கிக்கொள்ளும். அந்த ஈரடுக்கு 55 டிகிரியில்தான் இறுக்கம் விடும். ஒவ்வொரு வாலிலும் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு வந்து வால் வளைந்துவிட்டால், அதே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே, சுமார் −17 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஒரு வளைவுக்கு 70 டிகிரி வித்தியாசம்! குளிர்ந்த நீரில் வாழும் மீன்கள் நிறைவுறாத கொழுப்பமிலங்களைச் சவ்வில் கூட்டிக்கொள்வது இதனால்தான். சவ்வு இறுகிப்போனால் அதில் பதிந்த புரதங்கள் அசைய முடியாது, வேலையும் நடக்காது.

ஈரடுக்கு இறுக்கம் விடும் இந்த வெப்பநிலைக்கு "இளகுநிலை" என்று பெயர் வைத்துவிடலாம். உறைநிலை, உருகுநிலை, கொதிநிலை என்று ஏற்கெனவே இருக்கும் வரிசையில் தானாகவே போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வினை. இளகு, இளக்கு என்று தன்வினையும் பிறவினையும் கைவசம் இருக்கின்றன. "வளைந்த வால்கள் சவ்வை இளக்குகின்றன", "குளிரில் சவ்வு இறுகுகிறது" என்று மாணவர் நேராக எழுதலாம். பாய் என்பதற்குப் பிறவினை பாய்ச்சு. அது வயலுக்குத் தண்ணீர் விடுவது. அதனால்தான் "பாய்மத்தன்மையை அதிகரிக்கச் செய்கின்றன" என்று ஒரு வரிக்கு நீட்ட வேண்டியிருக்கிறது. கொலஸ்டிராலை விளக்கும் இடத்தில் இது நன்றாகத் தெரியும்: வெப்பத்தில் சவ்வு மிதமிஞ்சி இளகாமல் பிடித்துவைக்கிறது, குளிரில் முற்றாக இறுகவிடாமல் தடுக்கிறது. இரண்டே வினைகளில் முடிந்தது.

> இளக்கம் என்றால் மென்மை, இரக்கம் என்று பொருள் கொள்வார்களே?

கொள்ளட்டும். மனமும் இளகும், மெழுகும் இளகும். சவ்வு என்ற சொல் முன்னால் நிற்கும்போது யாரும் குழம்ப மாட்டார்கள்.

> நெகிழ்மை போதாதா?

இதை நான் இரண்டு நாள் யோசித்தேன். போதாது என்றுதான் தோன்றுகிறது. தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்க்குள் சிவப்பணு வளைந்து புகுந்து, வெளியே வந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறதே, அதுதான் நெகிழ்மை. அங்கே முழுச் சவ்வும் வளைகிறது. இளக்கம் சவ்வுக்குள்ளே மூலக்கூறுகள் நகர்வதைப் பற்றியது. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் பின்னால் யாரோ ஒருவர் பிரிக்க முடியாமல் திணறுவார்.

அப்புறம், 1972-இல் சிங்கர், நிக்கல்சன் என்ற ஆய்வாளர்கள் சவ்வின் அமைப்பை விளக்க முன்வைத்த மாதிரிக்கு "பாய்ம மொசைக்" என்று இருப்பதை "இளகு பதிகை மாதிரி" என்று மாற்றலாமா? இளகிய பரப்பில் புரதங்கள் பதிந்திருக்கும் காட்சி இதில் கிடைக்கிறது. மொசைக் இருக்கட்டும் என்றாலும் எனக்கு மறுப்பில்லை.

எனக்கு இன்னும் சொல் அகப்படாதது ஒன்று உண்டு. கொழுமியம் ஓர் அடுக்கிலிருந்து மற்ற அடுக்குக்குத் தலைகீழாகத் திரும்பிப் போவது. நீரை நாடும் தலை, நீரை ஒதுக்கும் நடுப்பகுதியைத் தாண்ட வேண்டியிருப்பதால் தானாக நடக்க மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். செல் இதற்கென்றே நொதிகளை வைத்திருக்கிறது. உள்ளடுக்கில் இருக்க வேண்டிய பாஸ்பட்டிடைல்செரின் என்ற கொழுமியம் வெளியே தெரிந்தால், விழுங்கணுக்கள் அந்தச் செல்லைச் சாகும் செல் என்று கண்டுகொண்டு விழுங்கிவிடும். "அடுக்குப் புரளல்" என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் புரளல் என்றால் கிடந்த இடத்திலேயே உருள்வது போலவும் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமானது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.