அம்மாவுக்கு இடுப்பு மூட்டு ஆபரேஷன்: கொரோனா நேரத்தில் (2021) வெளியூர் தனியார் மருத்துவமனைக்குப் போகலாமா?

கடைக்குட்டி:

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வலது இடுப்பு மூட்டு முழுக்கத் தேய்ந்துபோய், குளியலறைக்குப் போய்வரவே கைத்தாங்கல் வேண்டியிருக்கிறது. ராத்திரி புரண்டு படுத்தால் வலியில் விழித்துக்கொள்கிறார். போன வருடமே மூட்டு மாற்றியிருக்க வேண்டியது. கொரோனா வந்ததும் அரசு மருத்துவமனையில் அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளி வைத்தார்கள், இன்றுவரை தேதி தரவில்லை. இப்போது வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அடுத்த மாதம் செய்கிறோம் என்கிறார்கள். காரில் ஆறேழு மணி நேரம் ஆகும். கூட ஒருவர்தான் தங்கலாம், இடையில் ஆள் மாறக்கூடாதாம்.

அண்ணன் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்கிறான். ஆனால் அம்மா பக்கத்தில் படுப்பது நான்தான். அந்த வலி எனக்குத் தெரியும். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, முதல் தடுப்பூசி போட்டாயிற்று. இந்தச் சமயத்தில் வெளியூர் போய் ஆபரேஷன் செய்துவந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

வாசல்படி:

உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. மூட்டுத் தேய்மானம் உயிருக்கு ஆபத்தில்லை, கொரோனா ஆபத்து. அலை அடங்கட்டும்.

இரவுப்பணி:

நான் ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்யும் நர்ஸ். வாசல்படி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆபரேஷனை ஒட்டித் தொற்று வருவதுதான் பெரிய ஆபத்து. 2020 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஆபரேஷனுக்குச் சற்று முன்போ பின்போ கொரோனா உறுதியான 1128 பேரைப் பார்த்தார்கள். 30 நாளுக்குள் 23.8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல். அதில் முக்கால்வாசி அவசர ஆபரேஷன்கள், அதனால் அந்த எண்ணை அப்படியே உங்கள் அம்மாவுக்குப் பொருத்தக்கூடாது.

அம்மாவுக்கு ஏற்கெனவே கொரோனா வந்து போனதா? வந்திருந்தால், குறைந்தது 7 வாரமாவது கழித்துச் செய்வது நல்லது என்று 2021 மார்ச்சில் 116 நாடுகளின் தரவை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். 7 வாரம் கழிந்தும் இருமல், மூச்சிரைப்பு விடவில்லை என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். தடுப்பூசிக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் ஒரு வாரம் விடுங்கள். ஊசியால் வந்த காய்ச்சலா, தொற்றா என்ற குழப்பம் அப்போது வராது. சர்க்கரையை இப்போதிருந்தே கட்டுக்குள் கொண்டுவாருங்கள். புண்ணில் கிருமி சேர அது ஒரு முக்கியக் காரணம்.

ஈரக்காற்று:

சகோதரி, முதல் அலை தணிந்த சமயத்தில் அப்பாவை இதே ஆபரேஷனுக்கு வெளியூர் கூட்டிப்போனேன். தினமும் வலியில் கிடப்பவரிடம் இது உயிர்போகும் நோயில்லை என்று சொல்வதை என்னால் ஏற்கமுடியாது. நடக்காமல் கிடந்தால் தசை கரைகிறது, சர்க்கரை ஏறுகிறது, தடுமாறி விழும் பயமும் கூடுகிறது. காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள்.

எல்லோரும் ஆபரேஷன் நாளைப் பற்றியே கேட்கிறார்கள். எங்களுக்கு அந்த நாள் சுலபமாகவே போனது. பாடுபட்டது அதற்கு முன்னும் பின்னும்தான்.

முதலில், அங்கே போனபிறகு பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை இங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள். தெரியாத ஊரில், நடக்கமுடியாத அம்மாவுடன், தனிமைப்படுத்திக்கொள்ள இடம் தேட வேண்டி வரும். லாட்ஜில் சேர்க்க யோசிப்பார்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே நீங்களும் அம்மாவும், உங்களை ஓட்டிப்போகும் டிரைவரும் கூட, வெளி ஆட்களோடு கலக்காமல் இருங்கள். வீட்டிலேயே ஒருமுறை ஆர்டிபிசிஆர் என்ற கொரோனா பரிசோதனை எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஆனால் தொற்றிய முதல் ஓரிரு நாளில் நெகட்டிவ் காட்டலாம், அதனால் ரிப்போர்ட்டை மட்டும் நம்பவேண்டாம். உங்களுக்குப் பாசிட்டிவ் வந்து அம்மாவுக்கு நெகட்டிவ் வந்தால் கூட யார் இருப்பது என்பதையும் மருத்துவமனையிடம் முன்கூட்டியே கேளுங்கள். எங்களிடம் யாரும் தானாகச் சொல்லவில்லை. கேட்ட பிறகுதான் சொன்னார்கள். பில்லும் அப்படித்தான். பேக்கேஜ் என்று சொன்ன தொகையில் கவச உடைகளுக்கும் பரிசோதனைக்கும் ஆன செலவு சேரவில்லை. என்னென்ன சேரும், சேராது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வார்டில் எல்லோரும் மாஸ்க் போட்டிருப்பார்கள். அப்பாவுக்குக் காது மந்தம், உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்வார். மயக்கம் தெளிந்து யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் அவர் மிரண்டது இன்னும் என்னை உறுத்துகிறது. அம்மாவுக்கு அப்படி ஏதாவது இருந்தால் காதுக்கருவி, அதன் பேட்டரி, மூக்குக்கண்ணாடி எல்லாம் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். கேஸ் ஷீட்டிலும் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் திரும்பி வருவது. நான் ரொம்பக் கவலைப்படுவது இதற்குத்தான். இடுப்பு மூட்டு மாற்றிய பின் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து பல வாரம் இருக்கும். அதற்குத்தான் ரத்தம் உறையாமல் இருக்க மருந்தை ஏறக்குறைய 35 நாள் வரை கொடுப்பார்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணித்தால் அந்த ஆபத்து இரட்டிப்பாகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2007லேயே சொல்லியிருக்கிறது. ஆபரேஷனும் பயணமும் ஒன்றுசேரும்போது சும்மா இருக்கக்கூடாது. டிஸ்சார்ஜ் ஆன அன்றே காரில் ஏறாதீர்கள். முடிந்தால் மருத்துவமனைக்கு அருகில் சில நாள் தங்கிவிட்டு, டாக்டர் சரி என்ற பிறகு புறப்படுங்கள். முன் சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, மேலே கெட்டியான தலையணை வைத்து உயர்த்துங்கள். இடுப்பு முழங்காலை விடத் தாழக்கூடாது. உட்காரும்போது முதலில் பின்பக்கமாக அமர்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். மணிக்கொரு தடவை நிறுத்தி வாக்கரைப் பிடித்து நடக்க வையுங்கள்.

கடைக்குட்டி:

அக்கா, இரவுப்பணி, இருவருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்குக் கொரோனா வரவில்லை. படித்துக் காட்டினேன், அண்ணன் இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறான். ஊருக்கு வந்தபிறகு ஏதாவது ஆனால் இங்கே யார் பார்ப்பார்கள்? வெளியில் செய்த ஆபரேஷனைத் தொடமாட்டோம் என்றால் என்ன செய்வது?

ஈரக்காற்று:

சரியான கேள்வி. இதற்கு விடை கிடைக்காமல் கிளம்பாதீர்கள். உள்ளூரில் ஒரு எலும்பு மருத்துவரை இப்போதே போய்ப் பார்த்து, இந்த மாதிரி செய்யப்போகிறோம், தையல் பிரிக்கவும் புண்ணைப் பார்க்கவும் நீங்கள் இருப்பீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். அப்பாவுக்கு ஸ்டேபிள் பின் போட்டிருந்தார்கள். அதை எடுக்க அதற்கென்று தனிக் கருவி வேண்டும், நான் முதலில் போன கிளினிக்கில் அது இல்லை. தையலா பின்னா என்று கேட்டு, உள்ளூர் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே இரண்டையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். சம்மரியில் பொருத்திய மூட்டின் கம்பெனி, அளவு, பேட்ச் எண் உள்ள ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து இன்னொரு டாக்டர் அந்த மூட்டைத் தொட வேண்டி வந்தால் அவருக்கு அதுதான் வழி. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அண்ணனுக்கும் அனுப்பிவையுங்கள்.

இரவுப்பணி:

ஒன்று சேர்க்கிறேன். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஆபரேஷன் செய்த டாக்டரின் வீடியோ அழைப்புக்கெல்லாம் காத்திருக்காமல் அருகில் உள்ள அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மூச்சு வாங்குவது கொரோனாதான் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள், ஆபரேஷன் ஆனவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கால் திடீரென்று குட்டையாகி ஒருபக்கம் திரும்பிக்கொண்டால் மூட்டு நழுவியிருக்கும், நடக்க வைக்கவே கூடாது.

கடைக்குட்டி:

நாளைக்கே இங்கே ஒரு எலும்பு மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். அவர் ஒப்புக்கொண்டால்தான் அங்கே தேதி போடச் சொல்வேன். என்ன சொன்னார் என்று வந்து எழுதுகிறேன்.