வவுனியாக் கிராமத்துக் குடிநீர்த் திட்டம்: கனடாக் கழகத்துடன் கைகோர்க்கும் முன் எவற்றைப் பேசி முடிக்க வேண்டும்?

குளக்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வவுனியா மாவட்டத்தில் இயங்கும் ஒரு றோட்டரிக் கழகத்தின் (பன்னாட்டுத் தொண்டு அமைப்பான றோட்டரியின் உள்ளூர்க் கிளை) செயலாளராக இருக்கிறேன். எங்களுக்கு அண்மையில் உள்ள ஒரு கிராமத்தில் ஏறத்தாழ 180 குடும்பங்கள் வாழ்கின்றன. அங்குள்ள குழாய்க்கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் ஒரு மாதத்துக்குள் கேத்தலின் அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு ஏறிவிடுகிறது. ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய மாதிரியில் புளோரைட்டு லீற்றருக்கு 1.8 மில்லிகிராம் இருந்தது. நமது நாட்டின் குடிநீர்த் தரம் அனுமதிக்கும் உச்சம் 1.0 மில்லிகிராம். சிறுநீரக நோய்க்கு மாதந்தோறும் மருத்துவமனைக்குச் செல்வோரும் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

கனடாவின் ரொறன்ரோவில் உள்ள ஒரு றோட்டரிக் கழகம் ஆர்.ஓ. (நீரை அமுக்கி நுண்ணிய சவ்வு வழியே செலுத்தி உப்பை நீக்கும்) சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை அமைத்துத் தர முன்வந்திருக்கிறது. அதன் உறுப்பினர்களில் பலர் வன்னியில் பிறந்து வளர்ந்தவர்கள். வருகிற ஆகஸ்டில் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது திறப்பு விழாவை வைத்துவிடலாம் என்று அவர்கள் விரும்புகிறார்கள். அவர்களுடைய அன்பில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும், எங்கள் பகுதியிலேயே இதுபோல் கட்டப்பட்டு, இரண்டு ஆண்டுகளில் பூட்டுப் போடப்பட்டு, கதவை மூடிப் பற்றை வளர்ந்து நிற்கும் ஒரு நிலையத்தை நான் தினமும் கடந்து போகிறேன். அந்த நிலை இங்கும் வராமல் இருக்க, விண்ணப்பத்தில் கையொப்பமிடுவதற்கு முன் இரு கழகங்களும் எவற்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தர வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற பொறியியலாளர்

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். கிராமிய நீர் வழங்கலில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நிலையத்தை முடிவுசெய்துவிட்டு ஊரைத் தேடாமல், ஊரை ஆராய்ந்துவிட்டு எது பொருந்தும் என்று முடிவுசெய்யுங்கள். ஒரே ஒரு மாதிரியை நம்ப வேண்டாம். குறைந்தது நான்கைந்து கிணறுகளிலிருந்து, மாரி முடிவில் ஒரு முறையும் கோடையின் உச்சத்தில் ஒரு முறையுமாக மாதிரிகளை எடுங்கள். நமது பகுதியில் ஒரே ஊருக்குள் ஒரு கிணறு நன்னீராகவும் இருநூறு மீற்றர் தள்ளியுள்ள கிணறு வாயில் வைக்க முடியாததாகவும் இருப்பதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். நீர் வழங்கல் சபையின் குழாய் அந்த ஊருக்கு எப்போது வரும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் நீரின் ஒரு பங்கைத்தான் சுத்தமாக்கித் தரும். சிறிய நிலையங்களில் உள்ளே செல்லும் நீரில் ஏறத்தாழப் பாதி கழிவாக வெளியேறும். அந்தக் கழிவில் உப்பும் புளோரைட்டும் முன்னிலும் இருமடங்கு செறிந்திருக்கும். அதைக் கிணற்றடியிலேயோ குளத்துக்குப் போகும் வாய்க்காலிலேயோ விட்டால், எதை நீக்க இவ்வளவு பாடுபட்டோமோ அதையே மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள் ஆவோம். கழிவு எங்கே போகும் என்பது வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

மழைநீர்த் தொட்டியையும் கணக்கில் எடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் என்று வைத்தால், நால்வர் உள்ள வீட்டுக்கு 20 லீற்றர் போதும். 5,000 லீற்றர் தொட்டி நிறைந்திருந்தால் 250 நாட்கள் ஓடும். நமது கோடையைக் கடக்க அது தாராளம். ஓட்டு வீடுகளுக்குத் தொட்டியும், கூரை பொருந்தாத வீடுகளுக்கும் பாடசாலைக்கும் சிறிய ஆர்.ஓ. நிலையமும் என்று கலந்து செய்தால் மின்கட்டணமும் குறையும், இயந்திரம் பழுதாகும் நாளில் ஊர் முழுவதும் தவிக்கவும் நேராது.

இன்னொன்று. இந்த நீரால்தான் சிறுநீரக நோய் வருகிறது என்று விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து வடமத்திய மாகாணத்திலும் நமது எல்லையோர ஊர்களிலும் பேசப்படும் அந்த நோயின் காரணம் அறிவியலால் இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. புளோரைட்டு தரத்தை மீறியுள்ளது என்ற உண்மை ஒன்றே போதுமான நியாயம்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு றோட்டரியன்

தம்பி, நான் இதே நகரத்தின் வேறொரு கழகத்தைச் சேர்ந்தவன். பணம் அனுப்பும் பக்கத்தில் இருப்பவன் என்பதால் அந்தப் பக்கத்தை விளக்குகிறேன்.

நீங்கள் நாடுவது றோட்டரி அறநிலையத்தின் உலகளாவிய மானியம் என்றால், மொத்தத் திட்டம் குறைந்தது 30,000 அமெரிக்க டொலராக இருக்க வேண்டும். உங்கள் கழகம் உள்நாட்டுப் பங்காளி, எங்களைப் போன்றவர்கள் பன்னாட்டுப் பங்காளிகள். பங்காளிகள் போடும் தொகையில் ஒரு குறிப்பிட்ட பங்கு திட்ட நாட்டுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். றோட்டரி மாவட்டங்கள் (பல கழகங்களை ஒன்றுசேர்க்கும் பிரிவுகள்) தமது ஒதுக்கீட்டு நிதியிலிருந்து தருவதற்கு, அறநிலையத்தின் உலக நிதி 2021 முதல் 80 சதவீதம் சேர்த்துக் கொடுக்கிறது. எனவே கனடா மாவட்டம் 12,000 டொலரும் இலங்கை மாவட்டம் 6,000 டொலரும் தந்தால், அந்த 18,000 டொலருக்கு 14,400 டொலர் சேர்ந்து 32,400 ஆகிவிடும். தனிப்பட்ட உறுப்பினர்களிடம் கையேந்துவதற்கு முன் இரு மாவட்டங்களிடமும் பேசுங்கள்.

ஆகஸ்டு மாதத்தை மறந்துவிடும்படி உங்கள் பங்காளிகளிடம் அன்பாகச் சொல்லுங்கள். விண்ணப்பத்துடன் ஊர்மக்களின் தேவையை ஆராய்ந்த அறிக்கையை இணைக்க வேண்டும். அதை ஊரில் உட்கார்ந்து கேட்டுத்தான் எழுத முடியும். அறிக்கையை இங்கிருந்து எழுதி அனுப்பி, அங்கே கையொப்பம் மட்டும் வாங்கிய ஒரு திட்டத்தில் நானும் பங்கெடுத்திருக்கிறேன். இயந்திரம் ஊருக்கு வந்து இறங்கிய பிறகுதான், அது பொருத்தப்படவிருந்த காணி இரு குடும்பங்களுக்கிடையே வழக்கில் இருப்பது தெரியவந்தது. ஒன்பது மாதங்கள் அது சனசமூக நிலையத்தின் விறாந்தையில் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்த அன்று நான் உறங்கவில்லை. காணி உறுதியை முதலில் பாருங்கள்.

மானியப் பணத்தில் வாங்கும் எந்தப் பொருளையும் கழகமோ றோட்டரியனோ தனதாக வைத்துக்கொள்ள முடியாது. அது பயனாளிகளுக்கே சட்டப்படி உரித்தாக வேண்டும். பெரிய கொள்வனவுகளுக்குப் போட்டி விலைகள் கேட்க வேண்டும். பங்காளிக் கழகத்தில் யாராவது தமக்குத் தெரிந்த நிறுவனத்திடமே வாங்கச் சொன்னால், மறுப்பதற்கு இந்த விதியைக் காட்டலாம். முதல் தவணை கிடைத்துப் பன்னிரண்டு மாதங்களுக்குள் முன்னேற்ற அறிக்கை போக வேண்டும். ஆகவே பற்றுச்சீட்டுகளை முதல் நாளிலிருந்தே கோப்பில் இடுங்கள்.

பொருளாளர் அக்கா

வணக்கம் தம்பி. மேலே எழுதிய இருவரும் படித்தவர்கள். நான் எங்கள் ஊர் ஆர்.ஓ. நிலையத்தின் கணக்குக் கொப்பியை ஆறு ஆண்டுகளாக எழுதுபவள். எங்களுக்கும் ஒரு வெளிநாட்டுக் கழகமும் உள்ளூர்க் கழகமும் சேர்ந்துதான் அமைத்துத் தந்தார்கள். அவர்களை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் திறப்பு விழாவன்று எங்களிடம் சாவியைத் தந்தார்களே தவிர, இயந்திரத்தைப் பழக்கித் தரவில்லை. கைநூல் ஆங்கிலத்தில் இருந்தது.

இரண்டாம் ஆண்டில் நீரின் ஓட்டம் குறைந்தது. மூன்று நிமிடத்தில் நிறைந்த 20 லீற்றர் கான் நிறைய எட்டு நிமிடம் எடுத்தது. பெண்கள் வரிசையில் நின்று சலித்து, பழையபடி கிணற்றுக்கே போகத் தொடங்கினார்கள். பிறகுதான் தெரிந்தது, சவ்வில் சுண்ணாம்பு படியாமல் தடுக்க ஊற்ற வேண்டிய மருந்து முடிந்து மாதங்கள் ஆகியும், வெறும் கலத்திலிருந்து இயந்திரம் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. சவ்வு முழுவதையும் மாற்ற வேண்டி வந்தது. அதற்குப் பணம் இருக்கவில்லை. ஏனென்றால் முதல் ஆண்டு நீரை இலவசமாகக் கொடுக்கும்படி சொல்லியிருந்தார்கள்.

இப்போது லீற்றருக்கு இரண்டு ரூபாய் வாங்குகிறோம். நோயாளர் உள்ள வீடுகளுக்குக் கட்டணம் இல்லை என்று கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் முடிவெடுத்தோம். வரும் பணத்தில் மின்கட்டணமும் இயக்குநரின் கொடுப்பனவும் போக, சவ்வுக்கென்று தனி வங்கிக் கணக்கு இருக்கிறது. அதில் மூவர் கையொப்பமிட வேண்டும். இருவர் பெண்கள். தினமும் காலையில் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு அமுக்கமானிகளும் காட்டும் அளவை இயக்குநர் கொப்பியில் எழுதுவார். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் கூடினால், வடிகட்டி அடைக்கத் தொடங்கிவிட்டது என்று எனக்கே விளங்கும்.

உங்கள் கனடாக்காரரிடம் கேட்க வேண்டியது இதுதான்: திறந்து வைத்துவிட்டுப் போகாமல், இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ஒருமுறை இந்தக் கொப்பியின் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினால் பார்ப்பார்களா? எங்கள் பங்காளிகள் பார்த்திருந்தால், ஓட்டம் குறைந்த முதல் மாதத்திலேயே யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

குளக்கரையான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா எழுதியதை நேற்றிரவு ரொறன்ரோக் கழகத்தின் தலைவருக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆகஸ்டு மாதப் பயணத்தைத் திறப்பு விழாவுக்குப் பதிலாக ஊர்க்கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம் என்றார். கோடை மாதிரிகளையும் அப்போதே அவர்கள் முன்னிலையில் எடுக்கலாம். கிராம அலுவலரிடம் காணி விபரம் கேட்டிருக்கிறேன். பாடசாலைக்குப் பின்னால் பிரதேச சபைக்குச் சொந்தமான காணி ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்.

அக்கா, தங்கள் சங்கத்தின் அனுமதியுடன் எங்கள் ஊர்ப் பெண்கள் ஐந்தாறு பேரை ஒரு நாள் அழைத்து வரலாமா? அந்தக் கொப்பியை அவர்கள் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பொருளாளர் அக்கா

தாராளமாக வாருங்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன் வந்தால், இயக்குநர் வடிகட்டியைக் கழுவுவதையும் பார்க்கலாம். தமிழில் நாங்களே எழுதி வைத்திருக்கும் கைநூலின் பிரதி ஒன்று எடுத்து வைக்கிறேன்.