மறு: ஸ்பில்ஓவருக்கு ‘இனந்தாவல்’ வேண்டாமே, ‘மறுகால்’ வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

நோய்ச் சொல்லுங்களுக்குத் தமிழ்ல பட்டியல் போடற இந்த இழையை ரெண்டு நாளா படிச்சிட்டே இருக்கேன், இன்னிக்குத்தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைச்சது. ஸூனோசிஸுக்கு ‘விலங்குவழி நோய்’னு முடிவானதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா ஸ்பில்ஓவருக்கு, அதாவது ஒரு இனத்துல இருக்கற கிருமி இன்னொரு இனத்துக்குப் போறதுக்கு, ‘இனந்தாவல்’னு பட்டியல்ல ஏத்துறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. குளம் நிரம்பி மிச்சத் தண்ணி வெளிய போறதைச் சொல்ற ‘மறுகால்’தான் எனக்குச் சரியாப் படுது.

> வைரஸ் ஒரு இனத்துல இருந்து இன்னொரு இனத்துக்குத் தாவுது, அதனால தாவல்தான் நேரான சொல்.

ஐயா, தாவுதுன்னு சொன்ன உடனே கண்ணு வைரஸ் மேலயும் வவ்வால் மேலயும்தான் போகுது. தொழுவம் எங்க இருக்கு, பக்கத்துல என்ன மரம் நிக்குது, எத்தனை உருப்படியை ஒரே கொட்டகையில அடைச்சிருக்காங்க, இதெல்லாம் சொல்லுக்கு வெளிய போயிடுது. வளர்ப்பு விலங்கு வழியா வர்ற நோய்ல பாதிக் கதை அங்கதான இருக்கு.

மலேசியாவுல நிபா வைரஸ் வந்ததையே எடுத்துக்குங்க. 1998 கடைசியில ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணையில வேலை பார்த்தவங்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்துச்சு, மொதல்ல ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னு நினைச்சு கொசுமருந்து அடிச்சாங்க, தடுப்பூசி போட்டாங்க, ஆனா அது பெரும்பாலும் புள்ளைங்களுக்கு வர்ற நோய், இங்க விழுந்தவங்க பன்றியோட புழங்கின பெரியவங்க. பண்ணைக்காரங்க கொட்டகையை ஒட்டியே மாமரம் வச்சிருந்தாங்க. பழந்தின்னி வவ்வால் ராத்திரி வந்து கடிச்சிப் போட்ட மாம்பழம் எச்சிலோட பட்டியில விழும், மூத்திரமும் விழும், அதைப் பன்றி திங்கும். அப்புறம் பன்றிக்குக் கரகரன்னு தூரத்துக்குக் கேக்கற இருமல்.

பின்னாடி ஆராய்ஞ்சவங்க சொன்ன ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். மொத தடவை வைரஸ் உள்ள வந்து பண்ணை முழுக்கப் பரவி அதுவா அடங்கியிருக்கும், மறுபடி வந்தப்ப பண்ணை பெரிசுங்கறதால எதிர்ப்புசக்தி இல்லாத குட்டிங்க ஓயாம வந்துட்டே இருந்துச்சு, அதனால நோய் அடங்காம அங்கயே தங்கிடுச்சு. அங்க இருந்து வித்த பன்றிங்களோட தெக்க நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குப் போச்சு, 1999ல சிங்கப்பூர் இறைச்சிக்கூடம் வரைக்கும் போச்சு. மலேசியாவுல மட்டும் 265 பேருக்கு வந்து 105 பேர் செத்தாங்க, பத்து லட்சத்துக்கும் மேல பன்றியைக் கொன்னாங்க.

இதுல தாவல் எங்க இருக்கு? இது ஏரிச் சங்கிலி. மேல் குளம் வவ்வால், நடுக் குளம் பன்றி, கீழ்க் குளம் மனுஷன். மேல நிறைஞ்சு நடுவுல விழுது, நடுவுல நிறைஞ்சு கீழ பாயுது. நாம இதுக்கு ‘மறுகால் பாயுது’ன்னுதான சொல்றோம்? மாமரத்தைக் கொட்டகைக்குப் பக்கத்துல வச்சது வாய்க்கால் வெட்டி விட்ட மாதிரி. அதுக்கப்புறம் அங்க பழமரத்தைப் பன்றிப் பட்டிக்குத் தள்ளி வைக்கணும்னு சொன்னாங்க பாருங்க, அது வாய்க்காலை அடைக்கற வேலை.

> மறுகால் தெற்கத்திச் சொல், எல்லாருக்கும் புரியாது.

உண்மைதான். காஞ்சிபுரம் பக்கம் ‘ஏரி கோடி போகுது’ம்பாங்க, வேற ஊர்ல கலிங்கல்ம்பாங்க, ஈழத்துல ‘குளம் வான் பாயுது’ம்பாங்க. ஆனா ‘குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது’ன்னு பேப்பர்ல எல்லாரும் படிக்கறதுதான். போன மாசம் ஆடு மாடு வளக்கறவங்க கூட்டம் ஒண்ணுல ரெண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். ‘இனந்தாவல்’னப்ப எல்லாரும் சும்மா தலையாட்டினாங்க. ‘மறுகால்’னு சொன்னதும் முன்னாடி உக்காந்திருந்த ஒரு அம்மா, மடியில இருந்த வெத்தலையைக் கீழ வச்சிட்டு, “அப்ப மேக்குளம் எதுங்க?”ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வியைக் கேக்க வைக்கற சொல்தான் எனக்கு வேணும்.

எல்லாத்துக்கும் இது பொருந்தும்னு சொல்ல மாட்டேன். அடைப்பான்ல (ஆந்த்ராக்ஸ்) செத்த மாட்டை அறுத்தா, ரத்தத்துல இருக்கற கிருமி காத்துப் பட்டு விதை மாதிரி கெட்டியான ஸ்போரா மாறி மண்ணுல பல வருஷம் கிடக்கும். வறட்சியில மாடு புல்லை வேரோட கடிக்கறப்ப மண்ணோட சேந்து உள்ள போகும். அங்க நிறைஞ்சு வழியறது ஒண்ணும் இல்ல, அதுக்குத் தனிச் சொல் தேடணும். 1957ல கர்நாடகாவுல ஷிமோகா காட்டுல கண்டுபிடிச்ச குரங்குக் காய்ச்சலும் அப்படித்தான், காட்டுல மேயற மாடு வைரஸைப் பெருக்கறதில்ல, உண்ணியைத்தான் பெருக்குது. அந்த மாட்டை நடுக் குளம்னு எழுதினா தப்பு.

‘ஸ்பில்ஓவர் ஈவென்ட்’டுக்கு மறுகால் நிகழ்வு, வினையா வேணும்னா மறுகால் பாய்தல். 2020ல டென்மார்க்ல, ரோமத்துக்காக வளக்கற மிங்க்ங்கற கீரி மாதிரிப் பிராணியோட பண்ணைங்களுக்கு மனுஷன்கிட்ட இருந்து கொரோனா போச்சே, அந்த ஸ்பில்பேக்குக்கு ‘எதிரேற்றம்’னு வைக்கலாம், புது வெள்ளத்துல மீன் எதிரேறி வர்ற மாதிரி. அக்கா, நீங்க போன மடல்ல கேட்ட ‘ஆம்ப்ளிஃபையிங் ஹோஸ்ட்’டுக்கு, அதாவது உள்ள வந்த கிருமியைப் பல மடங்காக்கற விலங்குக்கு, ‘பெருக்கி’ போதும்னு தோணுது, நிபாவுல பன்றி பெருக்கி. ஆனா நிபாவுக்கு வவ்வால் மாதிரி, கிருமி எப்பவும் தங்கியிருக்கற இனத்தைச் சொல்ற ‘ரிசர்வாயர்’ இன்னும் உறுத்துது. ‘தேக்கி’ன்னா அணைக்கட்டு மாதிரி யாரோ கட்டி வச்சதுன்னு ஆகுது, ‘உறைவிடம்’னா ரொம்பப் பொதுவா இருக்கு. வத்தாத குளத்துக்கு உங்க ஊர்ல என்ன பேர்? தெரிஞ்சவங்க எழுதுங்க.