கோழி, வான்கோழி, வாத்து, கினிக் குஞ்சுகளை வெளிக்கூண்டுக்கு எப்போது மாற்றலாம்?

தோப்புக்காரர், பேராவூரணி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தென்னந்தோப்பில் ஐந்தாறு ஆண்டுகளாக நாட்டுக்கோழிகள் மேய்ந்து வருகின்றன. இம்முறை இன்குபேட்டரில் பொரித்த சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி இனக் குஞ்சுகளோடு, சந்தையில் வாங்கிய வான்கோழிக் குஞ்சுகள் ஆறும், நாட்டு வாத்துக் குஞ்சுகள் எட்டும், கினிக்கோழிக் குஞ்சுகள் சிலவும் சேர்ந்துவிட்டன. கோழிக் குஞ்சுகளுக்கு ஐந்து வாரம் முடியப் போகிறது. வான்கோழிகளுக்கு மூன்றரை வாரம். வாத்தும் கினியும் இடைப்பட்டவை. எல்லாம் பின்கட்டு அறையில், தகரத்தை வட்டமாக வளைத்துக் கட்டிய ஒரே புரூடரில் (குஞ்சுகளுக்கு வெப்பம் தரும் அடைப்பில்) குண்டு பல்பின் கீழ் வளர்கின்றன. வாத்துகள் தண்ணீரைச் சிதறடித்து, தரையில் பரப்பிய உமியைச் சேறாக்கிவிடுவதால் அறையில் நாற்றம் தாங்கவில்லை.

தோப்பில், பழைய கோழிகள் அடையும் கூட்டுக்குப் பக்கத்திலேயே, கீற்று வேய்ந்து, சுற்றிலும் அறுகோணக் கோழிவலை அடித்த புதுக் கூண்டு ஆயத்தமாக இருக்கிறது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அத்தனையையும் அங்கே மாற்றிவிடலாமா? ஒன்றாக விடலாமா, பிரித்துத்தான் வைக்க வேண்டுமா? தேவைப்பட்டால் பல்பையும் அங்கே கொண்டுபோய்த் தொங்கவிடலாம் என்று நினைக்கிறேன்.

பண்ணைப் பணியாளர், நாமக்கல்:

ஐயா, வயதைக் கணக்கிட்டு நாள் குறிப்பதைவிட, இறகைப் பார்த்துக் குறிப்பதே நல்லது. முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு மட்டத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதன்பின் வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், ஐந்தாம் வாரம் முடியும்போது நம் பக்கத்து இரவு வெப்பமே கோழிக் குஞ்சுக்குப் போதுமானதாகிவிடும். இறக்கை மட்டும் முந்திக்கொண்டு வளர்ந்துவிடும் என்பதால் அதை நம்ப வேண்டாம். குஞ்சைக் கையில் பிடித்து, கழுத்தின் பின்புறத்தையும் மார்பின் ஓரத்தையும் விரலால் விலக்கிப் பாருங்கள். அங்கே பஞ்சு போன்ற மயிர் மட்டுமே இருந்தால் அது இன்னும் மழைச்சாரலைத் தாங்காது. முதலில் பகலில் பல்பை நிறுத்துங்கள், சில நாள் கழித்து இரவிலும் நிறுத்துங்கள். நள்ளிரவில் ஒருமுறை எழுந்து பார்க்கும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டிருந்தால் குளிர்கிறது என்று பொருள். பரவலாகப் படுத்திருந்தால் அவை வெளியே போகத் தயார். கீற்றுக் கூரைக்கடியில் பல்பைத் தொங்கவிடும் எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு காற்றடித்துப் பல்பு கீற்றில் சாய்ந்தால் கூண்டே எரிந்துவிடும். வெப்பம் வேண்டியிருக்கிற குஞ்சு வீட்டிலேயே இருக்கட்டும்.

ஆனால் உங்கள் கேள்வியில் என்னை யோசிக்க வைத்தது குஞ்சுகளின் வயதன்று, கூண்டு இருக்கும் தரை. ஆண்டுக்கணக்காகக் கோழி மேய்ந்த மண்ணில் வான்கோழிக் குஞ்சுகளை இறக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கோழியின் குருட்டுக்குடலில் வாழும் ஹெட்டராக்கிஸ் என்ற சிறு புழுவின் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி இருக்கும். எச்சத்தோடு அது தனியாக வெளியே வந்தால் விரைவில் செத்துவிடும். புழு முட்டைக்குள் இருந்துவிட்டாலோ மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். அந்த முட்டையைத் தின்ற மண்புழுவும் அதைச் சுமந்து திரியும் என்பதால், மழை பெய்து மண்புழு மேலே வரும் காலத்தில் ஆபத்து இன்னும் கூடுகிறது. கோழிக்கு இதனால் பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது. இளம் வான்கோழிக்கோ குருட்டுக்குடலும் ஈரலும் புண்ணாகி, எச்சம் கந்தக மஞ்சளாகக் கழிந்து, இறக்கை தொங்கி நின்ற இடத்திலேயே உறங்கி விழும். அந்த நிலைக்கு வந்த பிறகு நம்பிக் கொடுக்கத்தக்க மருந்து கையில் இல்லை.

ஆகவே கோழிக் குஞ்சுகளை இறகு மூடியதும் மாற்றுங்கள். வான்கோழிகள் எட்டு வாரம் வரை வீட்டில் இருக்கட்டும். அதன்பிறகும் தரையில் விடாமல், முழங்கால் உயரத்தில் மூங்கில் பட்டையோ மரச்சட்டமோ அடித்த பரண் தளத்தில், எச்சம் கீழே விழுந்துவிடுமாறு வையுங்கள். கோழி மேயாத பக்கம் ஏதேனும் தோப்பில் இருந்தால் அதை அவற்றுக்கென்று ஒதுக்கிவிடுவது இன்னும் நல்லது.

வாத்துக்காரர், ஆரணி:

நாற்றத்துக்குக் காரணமான எட்டுப் பேரை முதலில் வெளியேற்றுங்கள், அறையில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வாத்துக் குஞ்சு மூன்று வாரத்துக்குப் பிறகு குளிரை ஓரளவு தாங்கும். மேலே மழை படாத, கீழே நீர் தேங்காத இடம் இருந்தால் போதும். அதே அறையில் கோழிக் குஞ்சுகளோடு விட்டுவைப்பதுதான் தவறு, ஏனென்றால் நனைந்த உமியில்தான் ரத்தக்கழிச்சல் பெருகும். மாற்றும் வரையில், ஒரு தட்டின் மேல் கம்பி வலையை வைத்து அதன்மேல் தண்ணீர்க் குவளையை வையுங்கள். சிந்துவது தட்டிலேயே விழுந்துவிடும். குவளை அலகும் மூக்குத்துளையும் முழுகும் ஆழத்துக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கடைத்துக் கண்ணும் ஒட்டிக்கொள்ளும்.

குளத்தில் விட அவசரப்பட வேண்டாம். தாயின் அடியில் வளராத குஞ்சின் மயிரில் எண்ணெய்ப் பூச்சு போதிய அளவு இருக்காது; நனைந்து கனத்துக் குளிரில் விறைத்துவிடும். இறகு வரும்வரை பகல் வெயிலில் அகலமான பேசின் போதும்.

கினி வளர்ப்பவர், ஒட்டன்சத்திரம்:

கினிக் குஞ்சுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! இவை ஆழமான தண்ணீர்த் தட்டில் தலைகுப்புற விழுந்து இறந்துபோகும் இயல்புடையவை. தட்டில் கூழாங்கற்களை நிரப்பி, இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்குமாறு செய்யுங்கள். வெளிக்கூண்டுக்கு மாற்றியபின், கோழிகளை ஒரு வாரம் அடைத்து வைத்தால் இடம் பழகிவிடும். கினிகளுக்கு அது போதாது, பல வாரங்கள் அடைத்துத்தான் வைக்க வேண்டும். பிறகும் மாலையில், அடையும் நேரத்துக்குச் சற்று முன்பாக, ஒன்றிரண்டை மட்டும் திறந்துவிடுங்கள். உள்ளே கத்துகிற கூட்டத்தை விட்டு வெளியே இருப்பவை தூரம் போகா.

வான்கோழி விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எங்கள் ஊரில் எல்லாருமே கோழியையும் வான்கோழியையும் ஒன்றாகத்தான் மேய விடுகிறார்கள். அண்ணன் சொல்வது போல அப்படி ஒன்றும் கூட்டமாகச் சாகவில்லை.

பண்ணைப் பணியாளர், நாமக்கல்:

அம்மா, நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் பக்கத்து மண் வறண்டது, புழு முட்டை வெயிலில் காய்ந்து போவதற்கு வாய்ப்பு அதிகம். வளர்ந்த வான்கோழிக்குத் தாங்கும் திறனும் கூடுதல். பேராவூரணி போன்ற ஈரமான தோப்பில், நிழலில், மூன்றரை வாரக் குஞ்சுக்கு அதே நம்பிக்கையை வைக்க என்னால் இயலாது. தவிரவும், சந்தையில் வாங்கிய வான்கோழிக் குஞ்சு முதல் இரண்டு வாரத்தில் இறந்தால் பெரும்பாலும் பட்டினிதான் காரணம். கண்ணெதிரே தீவனம் இருந்தாலும் கொத்தத் தெரியாது. ஒரு லிட்டர் தண்ணீரில் நூறு மில்லி பாலும், பத்துக் குஞ்சுக்கு ஓர் அவித்த முட்டையும் பதினைந்து நாள் கொடுக்கும் வழக்கம் அதனால்தான் இருக்கிறது. இவை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டன என்பதால் இனி இழக்கக் கூடாது.

வலையையும் மாற்றுங்கள். அறுகோணக் கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, கீரி உள்ளே வராமல் தடுக்காது. மரநாய் அதைப் பிய்த்தே எடுத்துவிடும். பாம்பும் பெருச்சாளியும் நுழையாதபடி அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷை (பற்றவைத்த கம்பிவலையை) தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்காவது அடித்து, அதையே வெளிப்புறமாக ஓரடி அகலத்துக்கு மடக்கி மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். தோண்டுகிற விலங்கு சுவரோரத்தில்தான் தோண்டும். ஓரடி தள்ளிப் போய்த் தோண்டும் அறிவு அதற்கு வராது.

தோப்புக்காரர், பேராவூரணி:

மிக்க நன்றி. வாத்துகளை நாளையே பழைய மாட்டுக்கொட்டகையின் ஓரத்துக்கு மாற்றுகிறேன். வான்கோழிக்குப் பரண் அடிக்கத் தச்சரிடம் சொல்லியாயிற்று. இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இப்போது கடையில் கிடைக்கும் பிராய்லர் ஸ்டார்ட்டரையே (கறிக்கோழிக் குஞ்சுத் தீவனத்தையே) போடுகிறேன், அது சரியா? தடுப்பூசியை மாற்றும் அன்றே போட்டுவிடலாமா?

பண்ணைப் பணியாளர், நாமக்கல்:

தடுப்பூசியும் இடமாற்றமும் ஒரே நாளில் வேண்டாம். இரண்டுமே குஞ்சுக்கு அயர்ச்சி தருவன. இடையில் ஒரு வாரமாவது விடுங்கள். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கு ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் கண்ணில் சொட்டுமருந்து விட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். எட்டாம் வாரத்தில் போட வேண்டியது இறக்கையடியில் தோலுக்குக் கீழ் போடும் ஊசி. கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்தும் முகாமில் போடுவது எட்டு வாரத்துக்கு மேற்பட்டவற்றுக்கு என்பதால், இந்தக் குஞ்சுகளை அதுவரை காத்திருக்க வைக்காமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

தீவனத்தில்தான் கவனம் வேண்டும். மூட்டையில் தைத்திருக்கும் சீட்டை எடுத்துப் படியுங்கள். பிராய்லர் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்க சாலினோமைசின் என்னும் மருந்தைக் கலப்பது வழக்கம். கோழிக்கு ஒன்றும் ஆகாத அதே அளவு வான்கோழிக்கு நஞ்சு, கால் இழுத்து எழ முடியாமல் கிடந்துவிடும். சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் இன்றே வான்கோழிக்கு நிறுத்துங்கள். புரதமும் இனத்துக்கு இனம் மாறும். இந்த வயதில் கோழிக் குஞ்சுக்கு 20 சதவீதம் போதும், வான்கோழிக்கு 28 வேண்டும், கினி இரண்டுக்கும் நடுவில்.

வாத்துக்காரர், ஆரணி:

அதோடு ஒன்று. கோழித் தீவனத்தில் வாத்துக்குத் தேவையான அளவு நியாசின் என்னும் வைட்டமின் இராது. குறைந்தால் குஞ்சின் கால் வில்லாக வளைந்து, தத்தித் தத்தி நடந்து, பிறகு உட்கார்ந்துவிடும். நியாசின் உள்ள புரூவர்ஸ் ஈஸ்ட் தூளைக் கிலோவுக்கு ஐம்பது முதல் எழுபத்தைந்து கிராம் வீதம் கலந்து, தூள் அடியில் தங்கிவிடாமல் சற்றே தண்ணீர் தெளித்துப் பிசைந்து வையுங்கள். பிசைந்த தீவனம் மாலைக்குள் புளித்துவிடும், மிச்சத்தை அன்றே கொட்டிவிட வேண்டும்.